தலைவர் பேசும் காட்சி

1943 மார்ச் 9, செவ்வாய்

இன்றும் பெட்டிதான். காலையிலிருந்து மாலைவரை அதே பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அதே குளத்தை அதே பக்கமாகச் சுற்றினோம். உள்ளே வெறும் வைக்கோல். ஆனாலும் பாரம் தெரிய நடக்க வேண்டுமாம். "கழுத்துல தெரியணும், கழுத்துல!" என்று உதவி டைரக்டர் கத்திக்கொண்டே இருந்தான். அவனுக்கு என்ன, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நான் பதினைந்து வருடமாகக் காட்டுப் படங்களில் தலைவனாக இருக்கிறேன். எத்தனை கூட்டத்துக்குத் தலைவன் என்று எனக்கே நினைவில்லை.

தலைவன் என்பதால் எனக்குச் சிறுத்தைத்தோல். மற்றவர்களுக்குப் புல் பாவாடை. தோலை இதற்கு முன் எவன் கட்டினானோ, அரிப்பு தாங்கவில்லை. நான் போதுமான கறுப்பு இல்லை என்று வழக்கம்போல உடம்பெல்லாம் கரும்பசை பூசினார்கள். எனக்கு அடுத்து வரிசையில் யானை நின்றது. சர்க்கஸிலிருந்து வாடகைக்கு வந்த இந்திய யானை, காது சிறியது. ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரிதாக இருக்க வேண்டும் என்று ரப்பரில் செய்து ஒட்டினார்கள். அதுவும் ஆப்பிரிக்காவைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. நான் பிறந்தது டெக்சஸில்.

காட்டு மொழியை யாரும் எழுதித் தருவதில்லை. "ஏதாவது கத்துங்க" என்று விட்டுவிடுவார்கள். என் சிநேகிதன் ஹோரஸ், எங்கள் பேட்டையான சென்ட்ரல் அவென்யூவின் சாப்பாட்டுக் கடையில் இருக்கும் பதார்த்தங்களின் பெயர்களைத் தலைகீழாகத் திருப்பி, ஈட்டியை ஆட்டி ஆட்டிக் கத்துவான். இன்று வறுத்த கெளுத்தி மீன். டைரக்டர் கார்ஸ்டன், "அந்த ஆளோட வெறி பிரமாதம்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் லூசியானா ராணுவ முகாமிலிருந்து மகன் வெண்டல் எழுதியிருக்கிறான், அவன் அம்மாவுக்கு. கோரா வாசித்துக் காட்டினாள். "துப்பாக்கி கேட்டேன். பெட்டி கொடுத்திருக்கிறார்கள். லாரியில் ஏற்றுகிறோம், இறக்குகிறோம். குடும்பத் தொழில்." கடைசியில் வழக்கமான வரி: அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

கோரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ரேடியோவைத் திருப்பினேன்.

மார்ச் 12

மழை. காட்டுக்கு விடுமுறை. சம்பளத்துக்கும்.

மார்ச் 22, திங்கள்

வாஷிங்டனிலிருந்து ஒரு ஆள் வந்திருக்கிறார். படங்கள் போருக்கு உதவியாக இருக்கின்றனவா என்று பார்க்கிற ஆபீஸாம். மெலிந்த மனிதர், கழுத்துப்பட்டையைத் தளர்த்தாமலே வியர்த்துக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். நாஜிகள் காட்டுக்குள் வருகிறார்கள். தகரத் தாது தோண்ட எங்கள் கூட்டத்தைச் சவுக்கால் அடிக்கிறார்கள். வெள்ளைக்கார வீரன் மரத்திலிருந்து குதித்து எல்லோரையும் மீட்கிறான். எங்களுக்கு நடுநடுவே ஓடுகிற வேலை.

ஆபீஸ்காரர் கதைப் பிரதியைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "இந்தப் படம் ஆப்பிரிக்காவுக்கும் போகும், ஆசியாவுக்கும் போகும். பாக்கறவனுக்கு இது தன்னோட போரும்தான்னு தோண வேண்டாமா? இந்தத் தலைவன் ஏன் வாயே திறக்க மாட்டேங்கறான்?"

கார்ஸ்டன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்பது படத்தில் என்னை வேலை வாங்கியவர். "உனக்கு இங்கிலீஷ் பேச வருமா?" என்று கேட்டார்.

டெக்சஸில் பிறந்தவனுக்கு வேறு என்ன பாஷை வரும்? வரும் ஐயா என்றேன்.

மார்ச் 23

கோராவிடம் சொன்னேன். துணி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "பதினஞ்சு வருஷம் கழிச்சு உனக்கு வாய் இருக்கறதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. பத்திரமா வச்சுக்கோ ஆம்ப்ரோஸ், திருப்பிக் கேட்டாலும் கேப்பாங்க."

இவள் என் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தேவாலயப் பாட்டுக் குழுவில் நிற்கிறவள், சிறுத்தைத்தோலில் புருஷனைப் பார்க்க முடியாது என்பாள். வெண்டல் சின்ன வயதில் பார்த்தான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பையன்கள் "ஊகா ஊகா" என்று சுற்றி நின்று குதித்தார்களாம். சட்டை கிழிந்து வந்தான். அதன்பின் அவனும் பார்க்கவில்லை. என் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. இந்த ஒரு பேச்சு திரையில் வந்துவிட்டால் பேசலாம். அவன் கூட்டாளிகளுக்கு முன்னால் அவன் நிமிர்ந்து உட்காரலாம். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

ஏப்ரல் 2

வசனம் கைக்கு வந்துவிட்டது. மனப்பாடம்.

"நாங்கள் எவனுக்கும் சுமை தூக்கப் பிறந்தவர்கள் அல்ல. எங்கள் அப்பன்மார் இந்த மண்ணில் நிமிர்ந்து நின்றார்கள். யார் வந்து மண்டியிடச் சொன்னாலும் நாங்கள் மண்டியிட மாட்டோம்."

மத்தியானம் தயாரிப்பாளர் வந்து "யார் வந்து" என்பதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து "நாஜி வந்து" என்று எழுதிவிட்டுப் போனார். யார் என்று விட்டால் யாரெல்லாமோ நினைத்துக்கொள்வார்களாம். ஆபீஸ்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அதுவும் சரிதான் என்றார். நானும் சரி என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 7

பேச்சு நாளைக்கு. இன்று ஓட்டம்.

நாஜிகளின் இரும்பு வண்டியை முதன்முதலாகப் பார்த்ததும் தலைவன் ஓட வேண்டும். கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, தோல் முள்ளில் மாட்டி, திமிறி, குளத்தில் தலைகுப்புற. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கார்ஸ்டனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இந்த ஓட்டத்துக்கே தியேட்டர் கிழியப்போகுது" என்றார். காதில் இன்னும் சேறு. இன்று ஓடினால்தானே நாளைக்குப் பேச முடியும்.

ஏப்ரல் 8, வியாழன்

பேசிவிட்டேன்.

முதலில் எழுதியிருந்தபடி வீரன் என் பக்கத்தில் நின்று, நான் பேசி முடித்ததும் தோளில் கை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். கார்ஸ்டன் அதை மாற்றிவிட்டார். வீரன் வேண்டாம், தலைவன் மட்டும் போதும் என்றார். கேமரா முழுக்க எனக்கே! எனக்குப் பின்னால் நம் ஆட்கள் மட்டும். குடிசை வாசலில் நின்று பேசினேன். என் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒரே தடவையில் சரியென்று சொல்லிவிட்டார்கள். விளக்குப் பிடிக்கிற ஆள் ஒருவன் கைதட்டினான், வெள்ளைக்காரன்தான்.

பசையைக் கழுவும்போது ஹோரஸ் தொடங்கினான். "ஏன் தலைவரே, நீ பேசினா அந்த ஹீரோ பதில் சொல்லணும்ல? எங்க போனான்? ஒரு வெள்ளை மூஞ்சிகூட நம்ம கிட்ட நிக்கலையே."

"உனக்குப் பொறாமைடா."

"பொறாமைதான். ஆனாலும் கேக்கறேன்."

பெரிய நடிகர்களைத்தான் தனியாக நிறுத்தி எடுப்பார்கள். இது அவனுக்கு எங்கே தெரியப்போகிறது.

ஏப்ரல் 11, ஞாயிறு

வெண்டலுக்கு எழுதினேன். வசனம் முழுவதையும் எழுதி அனுப்பினேன். "நாஜி" என்று எழுதவில்லை, "யார்" என்றே எழுதினேன்.

மே 3

"அப்பா" என்று ஆரம்பித்து எழுதியிருக்கிறான். எனக்கு! உறையில் என் பெயர், ஆம்ப்ரோஸ் டில்மன்!

தன் படைக் கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டானாம். பெட்டி தூக்கும்போது ஆளுக்கு ஒரு வரியாக அந்த வசனத்தைச் சொல்கிறார்களாம். சார்ஜெண்ட் முறைத்தால் சினிமா வசனம் என்கிறார்களாம், அரசாங்கமே எழுதச் சொன்னது என்கிறார்களாம். "படம் எப்போது வரும்? எல்லோரும் கேட்கிறார்கள்."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கோரா கதவைத் தட்டவில்லை.

ஜூன் 9

ஊரில் கலவரம். வெள்ளைக்கார மாலுமிகள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் இறங்கி, மெக்சிகோக்காரப் பையன்களையும் நம் பையன்களையும் டிராமிலிருந்து இழுத்துப்போட்டுச் சட்டையை உருவி அடித்திருக்கிறார்கள். சினிமா கொட்டகைகளில் விளக்கைப் போடவைத்து, வரிசை வரிசையாகத் தேடி இழுத்தார்களாம். நாஜிகளைப் பார்க்க ஆப்பிரிக்கா வரை ஏன் போக வேண்டும் என்று ஹோரஸ் கேட்டான். நான் அவனோடு சண்டை போட்டேன். எதற்கென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, வெள்ளி

படம் வந்துவிட்டது. சென்ட்ரல் அவென்யூ கொட்டகையில் முதல் நாள். கோரா வந்தாள், தேவாலயத் தொப்பி போட்டுக்கொண்டு. ஓட்டம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டாள். சனங்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பிறகு நான் பேசினேன்.

கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை. முடித்ததும் எழுந்த சத்தத்தில் அடுத்த காட்சியே கேட்கவில்லை. யாரோ ஒரு கிழவர் "ஆமென்" என்று கத்தினார். கோரா என் கையைப் பிடித்தாள், வீடு வரும்வரை விடவில்லை. படியேறும்போது, "அவன் பாக்கணும்" என்றாள்.

செப்டம்பர் 25

முகாமுக்குப் பக்கத்து ஊருக்கு அக்டோபரில் படம் வருகிறதாம். சனிக்கிழமை வெளியே போக மொத்தக் கம்பெனியும் அனுமதி வாங்கிவிட்டார்களாம். "அப்பா, நீங்களும் வாங்க. உங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும்." கோராவுக்குச் சலவைக்கடையில் விடுப்புக் கிடைக்கவில்லை. நான் போகிறேன்.

அக்டோபர் 7, ரயிலில்

எல் பாசோவில் எங்களைக் கறுப்பர் பெட்டிக்கு மாற்றினார்கள். எஞ்சினுக்கு அடுத்த பெட்டி, முகமெல்லாம் கரி. பூசுகிறவர் இல்லாமலே பூசியாகிறது. கோரா கட்டிக் கொடுத்த கோழியைப் பக்கத்தில் இருந்த அம்மாளோடு பகிர்ந்துகொண்டேன். மகனைப் பார்க்கப் போகிறேன், அவனோடு சினிமா பார்க்கப் போகிறேன் என்றேன். இவ்வளவு தூரம் சினிமா பார்க்கவா என்று கேட்டாள். ஆமாம் என்று சிரித்தேன். வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 10, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். நேற்று நடந்தது.

வெண்டல் இளைத்திருக்கிறான், ஆனால் தோள் அகன்றுவிட்டது. சீருடையில் மடிப்புக் கலையாமல் வந்து நின்றான். கூட்டாளிகளிடம், "இவர்தான் எங்கப்பா" என்றான். அவன் வாயிலிருந்து அந்தச் சொற்களை இப்படி நான் கேட்டதே இல்லை. ஒரு வாயாடிப் பையன், "தலைவர் வந்துட்டார், எந்திரிங்கடா எல்லாரும்!" என்று கத்த, நாற்பது பேரும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். தெருவில் போன வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்களுக்குப் பக்கவாட்டுச் சந்தில் மரப்படி. ஏறினால் கூரைக்கு அடியில், புழுக்கத்தில், மர பெஞ்சு. கீழே வெள்ளைக்காரர்களுக்கு நல்ல நாற்காலிகள். விளக்கு அணைவதற்கு முன் ஒரு லாரி வந்து நின்றது. முதுகில் எழுத்து அச்சடித்த சட்டை போட்ட ஆட்கள், வெயிலில் சிவந்தவர்கள், வரிசையாக உள்ளே வந்து கீழே முன் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஜெர்மன் கைதிகள். பருத்தி பறிக்கிறார்களாம், தோட்டக்காரர் சந்தோஷப்பட்டுப் படத்துக்கு அனுப்பியிருக்கிறார். காவல்காரன் துப்பாக்கியை மடியில் கிடத்திவிட்டுச் சோளப்பொரி தின்றான். ஆப்பிரிக்காவில் பிடிபட்டவர்கள் என்று வெண்டல் சொன்னான். அந்தக் கொட்டகையில் நிஜமாகவே ஆப்பிரிக்காவைப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

யானையின் ரப்பர் காதைப் பார்த்துச் சிரித்தார்கள். தங்கள் படைக்காரர்கள் முதலை வாயில் விழுந்தபோதும் சிரித்தார்கள். என் ஓட்டம் வந்ததும் நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். மேலே நம் பையன்களும் சிரித்தார்கள், "ஓடுங்க மாமா, ஓடுங்க!" அதில் விஷமில்லை. வெண்டல் என் விலாவில் இடித்தான். "இதுக்கப்புறம்தானே?"

"ஆமா. இதுக்கப்புறம்."

குளம். குடிசை. நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். திரையில் ஒரு சின்னத் துள்ளல். உடனே வீரன் மரத்தில் நிற்கிறான். அவனுடைய பெட்டிகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு என் கூட்டம் அவன் பின்னால் போகிறது. முன்னால் நான், ஒரு பெட்டியோடு.

அவ்வளவுதான்.

"எப்ப மாமா பேசுவீங்க?" என்று வாயாடி கேட்டான்.

"பொறுடா, வரும்" என்றான் வெண்டல்.

படம் முடிந்து விளக்குப் போடும்வரை நாற்பது பேரும் பொறுத்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. "ரீல் அறுந்திருக்கும்" என்றேன். "எங்க ஊர்ல முழுசா இருந்தது, அம்மாவைக் கேளு." வெண்டல் தலையை ஆட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. நம்ப விரும்பினான்.

கீழே வந்தோம். கைதிகள் முன்வாசல் வழியாக இறங்கி, பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்குள் போய்விட்டார்கள். கண்ணாடி வழியே தெரிந்தார்கள், உயரமான முக்காலிகளில், கையில் கரண்டியோடு. காவல்காரன் அவர்களுக்கு நடுவில். வெண்டல் பார்த்துக்கொண்டே நின்றான். நான் சிகரெட் பற்றவைக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவன் கடைக்குள் இருந்தான். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு குடுங்க" என்று கேட்டான். குரல் வெளியே வரை கேட்டது.

கடைக்காரன் கத்தினான். எதிர்ப்புறத்திலிருந்து கான்ஸ்டபிள் வந்து அவனைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். காதோடு சேர்த்து ஒரு அடி. வெண்டல் விழவில்லை. ரத்தம் வழிய நின்றுகொண்டு, "நான் இந்த நாட்டுச் சிப்பாய். உள்ள உக்காந்திருக்கறவன் யாரு?" என்று கேட்டான்.

கான்ஸ்டபிளின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. முடிவெட்டும் கடையிலிருந்து இரண்டு பேர் வேட்டைத் துப்பாக்கியோடு வந்தார்கள். நம் பையன்கள் வெறுங்கையோடு ஒரு அடி முன்னால் வைத்தார்கள். இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நான் டெக்சஸ்காரன்.

தொப்பியைக் கழற்றினேன். முதுகு தானாக வளைந்தது. குரலும் தானாக வந்தது.

"தொரை, தொரை, என் பையன் தொரை. மூளை கொஞ்சம் மட்டு. அவங்கம்மா செல்லம் குடுத்துக் கெடுத்துட்டா. இந்த ஒரு தடவை விட்ருங்க தொரை."

"நீ யார்ரா பையா?" எனக்கு ஐம்பத்திரண்டு வயது. "உன்னை எங்கயோ பாத்திருக்கேனே."

கடைக்காரன் விரலை நீட்டினான். "அட, படத்துல ஓடினானே! குளத்துல விழுந்தானே, அவன்தான்!"

கான்ஸ்டபிள் முகம் மலர்ந்துவிட்டது. "நிஜமாவா? எங்க, ஓடிக் காட்டு."

ஓடினேன்.

கண்ணை உருட்டினேன். வாயைப் பிளந்தேன். கடை வாசலிலிருந்து தெருமுனையில் குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி வரை. "விழு, விழு!" என்றார்கள். விழுந்தேன். கைதிகள் கண்ணாடியண்டை வந்து கரண்டியால் தட்டிக் கைதட்டினார்கள். கான்ஸ்டபிளுக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். அதற்குள் ராணுவப் போலீஸ் ஜீப் வந்துவிட்டது. "கொண்டுபோய்த் தொலைங்க இவனை" என்று வெண்டலை அவர்கள் கையில் தள்ளிவிட்டான். ஊர் லாக்கப் இல்லை. முகாமுக்கே.

தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பையன்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்டல் மட்டும் என்னைப் பார்த்தான். தன்னை அடித்தவனைக்கூட அவன் அப்படிப் பார்க்கவில்லை.

உசுரோட இருக்கான். உசுரோட இருக்கானா இல்லையா? நான் வேற என்ன பண்ணியிருக்கணும்? நிமிந்து நின்னு வசனம் பேசியிருக்கணுமா? பேசியிருந்தா இன்னிக்கு எதைத் தூக்கிட்டு நான் வீட்டுக்குப் போவேன்? கோராகிட்ட என்ன சொல்லுவேன்?

அக்டோபர் 11

முகாம் வாசலில் காலையிலிருந்து நின்றேன். அவன் வரவில்லை. வாயாடிப் பையன்தான் வந்தான். இன்று அவனுக்கு வாய் இல்லை.

"காதுல தையல் போட்டிருக்கு மாமா. நல்லாதான் இருக்கான். நீங்க ஊருக்குக் கிளம்புங்க."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"இல்ல மாமா."

அக்டோபர் 19

பெட்டிஸைப் போய்ப் பார்த்தேன். எங்களை ஸ்டூடியோக்களுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர், நம்மவர்தான். நடந்ததைப் பாதி சொன்னேன். முழுதும் கேட்டவர்போலத் தலையாட்டினார்.

"தெக்கத்திப் பக்கம் போற பிரதியில அதை வெட்டிடுவாங்க ஆம்ப்ரோஸ். நம்ம ஆளு நிமிந்து பேசினா அங்க கொட்டகைக்காரனே படத்தை எடுக்க மாட்டான். வெட்டத் தோதாதான் எடுக்கறதே. ஹீரோ பக்கத்துல நின்னு பதில் சொன்னா எப்படி வெட்டுவாங்க? அதான் உன்னைத் தனியா நிறுத்தினது."

பெரிய நடிகர்களைத்தான் தனியாக நிறுத்துவார்கள் என்று நினைத்தேனே, அந்த முட்டாள் நான்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அப்படிப் பேசியிருப்பியா?"

வெளிநாட்டுக்குப் போகிற பிரதியில் முழுதும் இருக்குமாம். ஆப்பிரிக்காக்காரன் பார்க்க வேண்டுமல்லவா. ஊருக்குத்தான் உபதேசம். லூசியானாவுக்கு இல்லை.

அக்டோபர் 20

கோராவிடம் காதுத் தையலைச் சொன்னேன். வெட்டியதைச் சொன்னேன். ஓடியதைச் சொல்லவில்லை.

நவம்பர் 16

பெட்டிஸ் ஆள் அனுப்பினார். புதுக் காட்டுப் படம், இந்தத் தடவை ஜப்பான்காரர்கள். கார்ஸ்டன் என்னைத்தான் கேட்டாராம். பேச்சுக் கிடையாது, ஆனால் அந்த ஓட்டம் கட்டாயம் வேண்டுமாம், ஊரெல்லாம் அதற்குத்தான் சிரிக்கிறதாம்.

முழங்கால் சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஹோரஸ் வந்து திட்டினான். "உனக்கு முழங்கால்தான் சரியில்ல, மூளையுமா சரியில்ல? தலைவர் வேஷத்தை எவனாவது விடுவானா?" நீ எடுத்துக்கொள் என்றேன். எடுத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு நான்கு பெண்கள்.

டிசம்பர் 6

ரயில் நிலையத்தில் வேலை. சிவப்புத் தொப்பி போட்ட சுமைகாரன். இந்தப் பெட்டிகளில் வைக்கோல் இல்லை. கழுத்தில் பாரம் தெரியவேண்டும் என்று யாரும் கத்த வேண்டியதில்லை.

டிசம்பர் 25

கோராவுக்கு ஓட்டம் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. வெண்டல் எழுதினானா, அந்தப் பையன்களில் எவனாவது எழுதினானா, கேட்கவில்லை. சாப்பிடும்போது, "அவன் உயிரோட இருக்கான்ல, சாப்பிடு" என்றாள். பன்றித்தொடைக் கறி நன்றாக இருந்தது.

1944 பிப்ரவரி 13

வெண்டல் கப்பலேறிவிட்டான், பசிபிக் பக்கம். அம்மாவுக்கு எழுதியிருக்கிறான். ஐஸ்கிரீம் கடை விவகாரத்துக்குத் தண்டனையாக வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டார்களாம். பழைய கூட்டாளிகள் ஒருவரும் கூட இல்லை. எல்லோரும் புதியவர்கள், அதுவே நல்லது என்கிறான்.

தாளின் இரண்டு பக்கமும் தேடினேன். "அப்பாவையும் கேட்டதாகச் சொல்" இல்லை.

ஜூலை 2

கோரா வாராவாரம் அவனுக்கு எழுதுகிறாள். நான் ஸ்டேஷன் வேலைக்குப் போவதை எழுதினாளாம், சினிமாவை விட்டதையும் எழுதினாளாம். பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொசுவைப் பற்றி எழுதியிருக்கிறான்.

நவம்பர் 19, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து திரும்பினால் வாசலில் ஒரு பையன், ஊன்றுகோலோடு. பெயர் லீமன். வெண்டலின் புதுக் கம்பெனிக்காரன். காலில் குண்டு பாய்ந்து ஊர் திரும்புகிற வழியில், வெண்டல் சொன்னானென்று அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறான். கோரா அவனை உட்காரவைத்து, சர்க்கரைவள்ளிக்கிழங்கில் சுட்ட இனிப்பு அடையை வெட்டி வைத்தாள். வெண்டல் நன்றாக இருக்கிறான். தையல் போட்ட காது கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். பெட்டிகளை இறக்குகிறார்கள், கடற்கரை முழுக்கப் பெட்டிகள். லீமன் சாப்பிடவும் செய்தான், வாய் ஓயாமல் பேசவும் செய்தான்.

"ஒரு நாள் தென்னைமரத்துல துணி கட்டிப் படம் போட்டாங்கம்மா. காட்டுப் படம். சரி, சும்மா சிரிப்பாங்கன்னு உக்காந்தோம். அதுல அந்தத் தலைவர் வாசல்ல வந்து நின்னு பேசறாரு பாருங்க! எவனுக்கும் சுமை தூக்கப் பொறக்கல, மண்டி போட மாட்டோம்னு. கூட்டம் மொத்தமும் எந்திரிச்சிடுச்சு. படம் ஓட்டறவனை மிரட்டி மறுபடியும் போட வச்சோம்."

"வெண்டல்?" என்று கேட்டேன். "வெண்டல் என்ன பண்ணினான்?"

"அவன் மட்டும் எந்திரிக்கல சார். உக்காந்தே இருந்தான். ஒருத்தன்கூடக் கேட்டான், 'டேய் டில்மன், அந்த ஆளுக்கு உன் ஜாடைடா, உங்கப்பாவா?'ன்னு. இல்லன்னுட்டான். 'எங்கப்பா ரயில் ஸ்டேஷன்ல பெட்டி தூக்கறாரு'ன்னான்." லீமன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தான். "ஆனா இப்ப உங்களைப் பாத்தா... சார், நீங்கதானா அது?"

கோரா கத்தியைப் பிடித்தபடி வாயைத் திறந்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"இல்லப்பா. நான் ஸ்டேஷன்லதான் வேலை பாக்கறேன். என் பையன் பொய் சொல்ல மாட்டான்."

"ஜாடை அப்படியே இருக்கு சார்" என்று லீமன் சிரித்தான். கோரா இன்னொரு துண்டு வெட்டி அவன் தட்டில் வைத்தாள்.